புழக்கடை புகலும் வரலாறு

"வரலாறு என்றால் என்ன?" வகுப்பிலே ஒரு நாள் இப்படிக் கேட்டோம். முன் வரிசைச் சிறுவன் ஒருவன் துள்ளி எழுந்தான். "ராஜாக்கள் போட்ட சண்டை, சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. தவறு என்று கூறவும் நா எழவில்லை. அவன் கையிலே இருந்த பாடநூல் அதைத்தானே கூறுகிறது! நாம் கல்லூரியிலே படித்துப் பட்டம் பெற்ற தடித்த நூல்களும், சற்று நீட்டி, சற்று நயமாக, அதையேதான் கூறின. முடி சூடிய ஆண்டு உண்டு. முடி இழந்த ஆண்டு உண்டு. மணந்த மங்கையர் பட்டியலும் உண்டு. உழைத்தவன் எங்கே உறங்கினான், என்ன உண்டான், எந்த நோயிலே மாண்டான் என்று கேட்டால் மட்டும், "ஏடு இல்லை, ஆகவே தெரியாது" என்று கைவிரிப்பர்.

ஏடு எழுதியவன் எவன்? எழுத்தும் ஓய்வும் வாய்க்கப் பெற்றவன். தன்னைப் பற்றி எழுதினான், தனக்குச் சோறிட்டவனைப் பற்றி எழுதினான். குப்பை அப்படியன்று. பிற்காலத்தார் பார்க்கட்டும் என்று எண்ணிக் குப்பை கொட்டுகிறவன் எவனும் இல்லை. உடைந்த தட்டு, ஒழிந்த புட்டி, அறுந்து வீழ்ந்த பொத்தான் ஆகியவை புகழுரை பாடுவதில்லை, பொய்யுரை புகல்வதுமில்லை. இதை உணர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், 1980-களின் நடுவிலே, ஒரு பழைய பஞ்சாலை நகரத்துத் தொழிலாளர் விடுதியின் புழக்கடையிலே மண்வெட்டியுடன் இறங்கினர். அரண்மனை இருந்த இடமன்று. கோயில் இருந்த இடமன்று. விறகுக் கொட்டகையும் கழிப்பிடமும் இருந்த இடம்!

அந்த நகரம் லோவெல். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலே, மெரிமாக் ஆற்றின் கரையிலே உள்ளது. ஊர் பிறந்த கதையே சுவையானது. பாஸ்டன் வணிகர் பிரான்சிஸ் கேபட் லோவெல், 1810-இல் இங்கிலாந்து சென்று, இரண்டு ஆண்டுகள் தங்கினார். நெசவு இயந்திரங்களின் வரைபடத்தை நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்வது அங்கே சட்டப்படி குற்றம். அவர் வரைபடம் எதையும் கொண்டு செல்லவில்லை. கண்ணாலே கண்டார், கருத்திலே பதித்தார், கப்பல் ஏறினார்! பால் மூடி என்ற கைதேர்ந்த கம்மியரின் துணையுடன், 1814-இல் வால்தம் என்னும் ஊரிலே விசைத்தறியை ஓடவிட்டார். பஞ்சாக உள்ளே நுழைந்தது, ஒரே கூரையின் கீழ் நூலாகித் துணியாகி வெளிவந்தது.

1817-இல் அவர் மறைந்தார். கூட்டாளிகள் இன்னும் பெரிய நீர்விசை தேடினர். மெரிமாக் ஆறு ஏறத்தாழ 32 அடி கீழே பாயும் இடத்தைக் கண்டு வளைத்துக் கொண்டனர். அயர்லாந்திலிருந்து வந்த ஏழை உழைப்பாளிகள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு கால்வாய் வெட்டினர். வெட்டிய கால்வாயின் அருகிலேயே குடிசை போட்டுக் கிடந்தனர். 1823-இல் முதல் துணி வெளிவந்தது. 1826-இல் தனி ஊராயிற்று. மறைந்த கூட்டாளியின் பெயரை ஊருக்கு இட்டனர். 1836-இல் நகரமாயிற்று. 1850-இல் மக்கள் தொகை 33,383. கால் நூற்றாண்டிலே காடும் வயலும் மறைந்து, செங்கல் ஆலைகள் வரிசை வரிசையாக எழுந்துவிட்டன. அவற்றுள் ஒன்று 1835-இல் தோன்றிய பூட் பஞ்சாலை. ஊரின் முதல் ஆலை ஏஜெண்டாக இருந்து முடிசூடா மன்னராகவே விளங்கிய கர்க் பூட் என்பாரின் பெயர் அதற்கு.

ஆலை எழுந்தது, ஆள் வேண்டாமா? சுற்றுப்புறத்து உழவர் வீட்டுக் கன்னிப் பெண்களை அழைத்தனர். பெற்றோர் தயங்கினர். தயக்கத்தைத் தீர்க்க விடுதிகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு காப்பாளர், பெரும்பாலும் கைம்பெண்கள். ஓர் அறையிலே நால்வர், அறுவர். ஒரு கட்டிலிலே இருவர். இரவு 10 மணிக்குக் கதவடைப்பு. ஒழுக்கம் தவறியவர் யார் என்று காப்பாளர் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும். ஹாமில்ட்டன் கம்பெனியின் 1848-ஆம் ஆண்டு விதிகளிலே, ஞாயிறுதோறும் தொழுகைக்குச் செல்லாதவருக்கு வேலை இல்லை என்ற விதியும் இருந்தது! அதே விதிகளிலே, திங்கள்தோறும் மருத்துவர் ஒருவர் வந்து இலவசமாக அம்மை குத்துவார் என்றும் இருந்தது. நல்லதை நல்லது என்று ஒப்புவதிலே நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அம்மை குத்துவதற்கு அறிவியல் காரணம் கூறலாம். ஆலயத்துக்குப் போகாதவள் கையிலே தறி ஓடாது என்பதற்கு எந்தக் காரணம் கூறுவது? கர்க் பூட் தம் சபைக்கென ஒரு தேவாலயத்தை எழுப்பினார். அதன் செலவுக்காகத் தொழிலாளர் கூலியிலே பிடித்தம் செய்யப்பட்டது. அந்தச் சபையைச் சேராத பெண்கள் முணுமுணுத்தனர்.

வெளியுலகம் கண்டதோ வேறு காட்சி. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் லோவெலைச் சுற்றிப் பார்த்தார். விடுதியிலே பியானோ இருக்கிறது, பெண்கள் நூல் நிலையத்திலே உறுப்பினராக இருக்கின்றனர், தாங்களே எழுதி இதழும் நடத்துகின்றனர் என்று வியந்து எழுதினார். பொய்யன்று, மூன்றும் உண்மை. ஆனால் ஒரு நாள் விருந்தாளியின் உண்மை!

1845-இல் அந்தப் பெண்களே சட்டசபையின் கதவைத் தட்டினர். நாளுக்கு 10 மணி நேரமே வேலை என்று சட்டம் செய்யுங்கள் என்று விண்ணப்பித்தனர். சாரா பாக்லி என்னும் நெசவுப் பெண் முன்னின்றார். எலைசா ஹெமிங்வே என்னும் மற்றொரு பெண் குழுவின் முன் சாட்சி கூறினார்: அவர் வேலை செய்த அறையிலே பெண்கள் 130 பேர், ஆண்கள் 11 பேர், சிறுவர் சிறுமியர் 12 பேர்; மாலையிலே ஏற்றப்படும் சிறு விளக்குகள் 293, பெரு விளக்குகள் 61. அந்தப் புகையைத்தான் அவர்கள் மூச்சாக இழுத்தனர். குழுவினர் லோவெலுக்கு நேரிலே சென்றனர். ஆலையைச் சுற்றிப் புல்வெளியும் மரங்களும் இருக்கக் கண்டனர். சன்னல் ஓரத்திலே மலர்ச் செடிகள் இருக்கக் கண்டனர். சட்டம் தேவையில்லை என்று அறிக்கை தந்தனர். வாக்குரிமையற்ற பெண்களின் விண்ணப்பத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. மாசசூசெட்ஸிலே பெண்களுக்கும் சிறுவருக்கும் 10 மணி நேரச் சட்டம் வந்தது 1874-இல். இடையிலே 29 ஆண்டுகள்!

புல்வெளியை நினைவிலே வைத்துக் கொள்ளுங்கள், தோழர்களே. புழக்கடையிலே அதைத் தேடப் போகிறோம்.

பூட் ஆலை 1955-இல் மூடப்பட்டது. நகரத்து ஆலைகள் பலவும் அதற்கு முன்பே சாய்ந்துவிட்டன. 1978-இல் அமெரிக்க அரசு லோவெலின் பழைய ஆலைப் பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக ஏற்றது. பூட் ஆலையின் விடுதிகளிலே பெரும்பாலானவை இடிந்து போயிருந்தன. அந்த நிலத்தைத்தான், பூங்காத் துறையும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து தோண்டச் செய்தன. மேரி போட்ரி, ஸ்டீபன் மிரோசோவ்ஸ்கி என்னும் இருவர் வழிநடத்தினர். மண்வெட்டி மட்டும் போதாது என்று துணிந்தனர். எலும்பை ஆராய ஒருவர், மண்ணிலே கலந்த மகரந்தத் தூளை ஆராய ஒருவர், பழைய குடிக்கணக்கையும் கம்பெனிக் கடிதங்களையும் படிக்க வேறு சிலர் என்று பல துறையினர் கூடினர். முடிவுகள் 1987 முதல் 1989 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. புதைபொருள் ஆராய்ச்சி என்றாலே பொற்காசும் பொம்மைச் சிலையும் என்று எண்ணுகிறவர்கள் அவற்றைப் புரட்டினால் ஏமாந்து போவார்கள். பொத்தானுக்கும் புட்டிக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றனர்!

ஒன்றை முதலிலே கூறிவிட வேண்டும். கிடைத்த பொருள்களிலே பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. அதற்குள் உழவர் வீட்டுப் பெண்கள் பெரும்பாலோர் ஆலையை விட்டுச் சென்றுவிட்டனர். அவர்கள் இடத்திலே அயர்லாந்துக்காரர் வந்தனர். கனடாவிலிருந்து பிரெஞ்சு மொழி பேசுவோர் வந்தனர். பின்னர் கிரேக்கர், போலந்துக்காரர் வந்தனர். டிக்கன்ஸ் கண்ட பெண்களின் பொருள் என்று எல்லாவற்றையும் கூறினால் அது வரலாறாகாது. ஆளைத்தான் மாற்றினர், வீட்டை மாற்றவில்லை.

முதலிலே புட்டிகள். சாராயப் புட்டிகள் கிடைத்தன. மருந்துப் புட்டிகளும் ஏராளமாகக் கிடைத்தன. கம்பெனியின் ஏட்டிலே மதுவுக்கு இடமில்லை. கம்பெனியின் மண்ணிலே இடமிருந்திருக்கிறது! மருந்து என்று விற்கப்பட்டவற்றையும் எளிதாக நம்பிவிட வேண்டா. அக்காலத்திலே, இன்ன சரக்கு சேர்ந்தது என்று கூறாமலே விற்கப்பட்ட மருந்துகள் பலவற்றிலே பாதிச் சரக்கு சாராயந்தான். அதே மாநிலத்திலே, 1875 முதல் விற்பனைக்கு வந்து பெரும்புகழ் பெற்ற லிடியா பிங்க்கம் அம்மையாரின் பெண்கள் மருந்திலே, நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு சாராயம். அம்மையாரோ மதுவிலக்குக் கொள்கையினர்! உள்ளே இருப்பதைச் சீட்டிலே அச்சிட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் வந்ததே 1906-இல்.

குடியைப் போற்றுகிறோம் அல்லோம். குடி கெடுத்த குடும்பங்களை நம் தெருவிலேயே கண்டவர்கள் நாம். ஆனால் இந்தப் புட்டிகளைக் கண்டு, "பார்த்தீர்களா, தொழிலாளி என்றாலே குடிகாரன்" என்று கூறுகிற சீமான்கள், அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். நாளெல்லாம் நின்று, நின்ற கால் கடுத்து, நூல் தூசி நெஞ்சை அடைக்க, இரவிலே விடுதி திரும்புகிறவளுக்கு வலி தீர வழி என்ன இருந்தது? மருத்துவரை அழைத்தால் பணம். புட்டி மருந்து மலிவு. வலியை அது தீர்க்கவில்லை, மறக்கச் செய்தது.

அடுத்துச் சுங்கான்கள். வெள்ளைக் களிமண்ணாலான மலிவான புகைக்குழாய்கள். அவற்றிலே பல, தண்டு குட்டையாக ஒடிக்கப்பட்டவை. சிலவற்றிலே பற்கள் கடித்த தேய்வு. குட்டைச் சுங்கானைப் பற்களிலே கவ்விக் கொண்டால் இரு கையும் வேலைக்குக் கிடைக்கும். மேல்தட்டினர் அந்தக் குட்டைச் சுங்கானைக் கண்டு முகம் சுளித்தனர். தொழிலாளி அதைத் தன் அடையாளமாகவே கொண்டான் என்கின்றனர் ஆராய்ச்சியாளர். ஆலைக்குள்ளே புகை கூடாது என்பது சரி. பஞ்சு பற்றிக் கொள்ளும். ஆனால் புழக்கடையிலே, வேலை முடிந்த மாலையிலே, அது அவனுடைய நேரம். நாளிலே அவனுடையது என்று கூறத்தக்கது அந்த ஒரு நாழிகைதான்.

நம் உள்ளத்தை மிகவும் தொட்டவை பொத்தான்களும் அணிகளுமே. கறுப்புக் கண்ணாடிப் பொத்தான்கள் கிடைத்தன. விக்டோரியா அரசியின் கணவர் 1861-இல் இறந்த பின், துக்கம் காத்த அரசி 'ஜெட்' என்னும் கருங்கல் அணிகளை அணிந்தார். சீமாட்டிகள் எல்லோரும் பின்பற்றினர், விலை உயர்ந்தது. அதைப் போலவே பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி, ஏழைக்கு எட்டும் விலையிலே சந்தைக்கு வந்தது. கண்ணாடிக் கற்கள் பதித்த மலிவு நகைகள், கூந்தல் சீப்புகள், மணிகள் ஆகியவையும் கிடைத்தன. நம் ஊரிலே காக்காய்ப் பொன் என்று கேலி பேசுவார்களே, அந்த இனம். கேலி பேசுவோர் பேசட்டும். விடுதிச் சோறும் விடுதிக் கட்டிலும் கம்பெனி தந்தவை. எழுவதும் உண்பதும் உறங்குவதும் கம்பெனி மணிக்குத்தான். கூலியிலே மிஞ்சிய சில காசைக் கொடுத்து, தானே தேர்ந்து, தானே வாங்கிய பொருள் அந்தக் கண்ணாடிப் பொத்தான். அதைச் சட்டையிலே தைத்துக் கொண்டு ஞாயிறன்று தெருவிலே நடந்தவள், தன்னை ஆலையின் ஓர் உறுப்பு என்று எண்ணி நடந்திருக்க மாட்டாள். விளையாட்டுக் கோலிகளும் கிடைத்தன என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அந்தப் புழக்கடையிலே குழந்தைகளும் இருந்தனர்.

எலும்புகள் சிறப்பாகச் சொல்லத்தக்கன அல்ல. மாடு, ஆடு, பன்றி. பெரும்பாலும் மலிவான துண்டங்கள். ஆனால் அவற்றிலே எலிப் பல்லின் தடங்கள் இருந்தன. வீசிய குப்பை நெடுநாள் அங்கேயே கிடந்தது என்பதற்கு எலியைவிட நம்பத்தகுந்த சாட்சி ஏது?

இனிப் புல்வெளிக்கு வருவோம். ஆலை ஏஜெண்டின் மாளிகை கர்க் தெருவிலே, விடுதிகளிலிருந்து கூப்பிடு தூரத்திலே இருந்தது. அந்த மாளிகையின் தோட்டத்தையும் ஆராய்ந்தனர். மண்ணிலே தங்கிய மகரந்தத் தூள், நூறு ஆண்டு கழித்தும் எந்தச் செடி அங்கே முளைத்தது என்று கூறும். ஏஜெண்டின் தோட்டத்திலே பேணி வளர்த்த புல்தரை. விடுதிப் புழக்கடையிலே களைச் செடி, சாம்பல், குப்பை! சட்டசபைக் குழுவினர் 1845-இல் ஆலையின் முன்வாயில் வழியே சென்று, முன்வாயில் வழியே திரும்பினர். புழக்கடைக்குச் செல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. போனவர்கள், 140 ஆண்டுகள் கழித்துப் போன ஆராய்ச்சியாளர்களே.

புழக்கடையிலே புல் இல்லை என்பதோடு போயிருந்தால் பொறுக்கலாம். 1890-இல் லோவெலிலே டைபாய்டுக் காய்ச்சல் பரவியது. சில வாரங்களிலே ஆற்றின் கீழ்க்கரையிலே உள்ள லாரன்ஸ் நகரத்தையும் பற்றியது. ஆண்டவன் சோதனை என்று கூறிக் கைகூப்பியிருக்கலாம். வில்லியம் செட்ஜ்விக் என்னும் அறிவியலாளர் கைகூப்பவில்லை, கணக்கெடுத்தார். நோய் கண்ட வீடுகளைப் பட்டியலிட்டார், நீர் வந்த வழியைத் தேடி ஆற்றின் மேற்புறம் நடந்தார். மெரிமாக் ஆற்றிலே சேரும் ஓடையின் மேலேயே கழிப்பிடங்கள் இருக்கக் கண்டார். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய அதே ஆறு, மேலூரின் மலத்தைக் கீழூரின் குவளைக்குக் கொண்டு வந்தது. லாரன்ஸ் நகரம் 1893-இல் மணல் வடிகட்டி அமைத்தது, காய்ச்சல் தணிந்தது. நோய்க்குக் காரணம் கண்டவர் நூல் படித்த அறிஞர். நோயால் மாண்டவர்களிலே பலர் ஆலைத் தெருக்களிலே வாழ்ந்தவர்கள்.

மண் எல்லாவற்றையும் கூறிவிடும் என்று நாம் வாதாட வரவில்லை. ஆலைக்கு வந்த பஞ்சைப் பயிரிட்டவர்கள் தென் மாநிலத்து நீக்ரோ அடிமைகள் என்றே அக்கால ஏடுகள் குறித்தன. அவர்கள் உடுக்கும் முரட்டுத் துணியையே லோவெல் நெய்து திருப்பி அனுப்பியது. லோவெல் பெண்கள் பலர் அடிமை ஒழிப்பு விண்ணப்பங்களிலே கையொப்பமிட்டனர். இவை எவையும் புழக்கடைக் குழியிலே இல்லை. வேலைநிறுத்தமும் மண்ணிலே தடம் வைப்பதில்லை. 1834 பிப்ரவரியிலே கூலியைக் குறைத்த போது ஏறத்தாழ 800 பெண்கள் ஆலையை விட்டு வெளியேறினர். தோற்றனர். 1836-இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்திய போது 1,500-க்கு மேற்பட்டோர் வெளியேறினர். அந்த நாளிலே, ஓர் ஆலையின் ஒரு மாடியிலே பெண்கள் போவோமா வேண்டாமா என்று தயங்கி நின்றனர். ஹாரியட் ஹான்சன் என்னும் சிறுமி, வயது 11, "நான் போகிறேன்" என்று நடந்தாள். திரும்பிப் பார்த்தாள், மாடி முழுவதும் அவள் பின்னே வந்து கொண்டிருந்தது! கம்பெனி அந்தச் சிறுமியைத் தண்டிக்கவில்லை. அவள் தாயைத் தண்டித்தது. கைம்பெண்ணான அந்தத் தாய் கம்பெனி விடுதி ஒன்றின் காப்பாளர். மகளைக் கட்டுப்படுத்தத் தவறினாள் என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். ஹாரியட் பின்னாளிலே பெண்கள் வாக்குரிமைக்காகப் பாடுபட்டார். 1898-இல் தம் ஆலை நாள்களைப் பற்றி நூலும் எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் அந்த நாளும் புதைந்தே போயிருக்கும்.

ஏடும் மண்ணும் ஒன்றையொன்று திருத்த வேண்டும். முதலாளியின் ஏடு மட்டும் பேசிய காலத்திலே லோவெல் ஒரு பூந்தோட்டம். ஹாரியட்டின் ஏடும், எலைசாவின் சாட்சியமும், புழக்கடையின் புட்டியும் சேர்ந்து பேசிய பின்னரே அது ஊராகிறது. மனிதர் வாழ்ந்த ஊராகிறது.

பூட் ஆலையிலே 1992-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்திலே 88 தறிகள் நிற்கின்றன. தறி ஓடும் போது காண வருவோருக்குக் காதடைப்பான் தருகின்றனர். எஞ்சிய ஒரே விடுதி வரிசையிலே கண்காட்சி நடக்கிறது. அதன் பக்கத்திலே உள்ள பூங்காவுக்கு விடுதிப் பூங்கா என்றே பெயர். கோடை மாலைகளிலே அங்கே இசை நிகழ்ச்சி உண்டு.

இவற்றையெல்லாம் அடுத்த வாரம் வகுப்பிலே கூறினோம். மணி அடித்த பின்னும் சிறுவர்கள் எழவில்லை. முன் வரிசைச் சிறுவன் கை தூக்கினான். "அந்தச் சுங்கான் யாரோடது, சார்?" என்றான். பெயர் தெரியாது என்றோம். "அப்போ, அந்தப் பொத்தான்?" என்றான்.